தொண்டையில் தேங்கிய வெளிச்சம்

சோதனைத் தாளின் அடியில் நிற்க வேண்டிய கதிர்வீச்சு மேல்முனைக்கு ஏறியிருந்தது. மருந்து கலக்கும் நப்லான் கதிர் எண்ணும் கருவியை மறுபடி வைத்துப் பார்த்தான். அதே படபடப்பு. எலும்பு ஸ்கேனுக்கான மருந்து சரியாகக் கலக்கவில்லை. எலும்பில் ஒட்டாது, தொண்டையில் போய்த் தேங்கும்.

அதை நோயாளி மஸூதாவின் நரம்பில் காலையிலேயே ஏற்றியாகிவிட்டது.

மண்சரிவால், மருந்து கொண்டுவரும் கொழும்பு வண்டி காலையில் பிந்தி வந்திருந்தது. நேரம் போகப்போக வீரியம் இறங்கும் மருந்து. "நேத்து நல்லாத்தானே இருந்திச்சி? ஊசியப் போடுங்க, டெஸ்ட்ட பொறகு பார்ப்போம்" என்றான் ஸ்கேன் எடுக்கும் பஸ்லி. நப்லான் தலையாட்டினான்.

இப்போது சொன்னால் வேலை போய்விடும். சொல்லவில்லை.

பலாபத்வலை ஆஸ்பத்திரி மழையில் பட்டப்பகலிலேயே இருண்டு கிடந்தது. ஈரக் குடைகளின் வாடையும் டெட்டோல் நெடியும் நடைபாதை வழியே ஸ்கேன் அறைவரை வந்தன. பஸ்லி மஸூதாவைப் படுக்கவைத்து, கைகளைப் பட்டியால் கட்டினான்.

"கதிர் ஊசி போட்டாச்சி, இனி வீட்டுல லைட் போடத் தேவல்லையா மகன்?" என்றார் மஸூதா.

"கரண்ட் பில் மிச்சந்தான் உம்மா."

கண்ணாடிக்கு இப்பால் நப்லான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கறுப்பில் ஒவ்வொன்றாக வெள்ளைப் புள்ளிகள் விழுந்தன. எல்லாம் தொண்டையில். நினைத்தபடியே. ஒலிபெருக்கியில் மஸூதா இருமினார். பிறகு தொண்டை கரகரத்தது. அவன் நிமிரவில்லை. மருந்துதான், தன் தவறுதான் என்று புள்ளிகளையே பார்த்திருந்தான்.

புள்ளிகள் பிரிந்தன. கோடுகளாயின. கோடுகளில் கணுக்கள்.

மஸூதாவின் எலும்பு ஒன்றுகூடத் திரையில் இல்லை. தொண்டையில் இருந்தவை விரலெலும்புகள்.

பத்து விரல்கள்.

நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அப்பால் மஸூதாவின் மேல் யாரும் இல்லை. அவருடைய குதிகால்கள் மேசையை அடித்தன. கழுத்துத் தோல் குழிந்து, கிழிந்தது.

"பஸ்லி! கழட்டு! வெளிய எடு!"

பஸ்லி உள்ளே பாய்ந்து அந்த வெறுங்காற்றைப் பிடித்து இழுத்தான். அவன் மணிக்கட்டு பின்னோக்கி மடங்கியது. முறிந்தது. அலறியபடி சுவரில் போய் மோதி விழுந்தான்.

மஸூதாவின் கழுத்து நெரிபட்ட சத்தம் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்டது. வெள்ளை விரிப்பில் இரத்தம் பரவியது. குதிகால்கள் நின்றன.

நப்லான் கதவைத் தொட்டான். கண் திரைக்குப் போனது.

புள்ளிகள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன. மணிக்கட்டு. முழங்கை. தோள். திரையின் விளிம்பில் ஒரு தாடை, அவன் பக்கமாகத் திரும்பி, மெல்ல மெல்ல அகலமாகத் திறந்தபடி.