சிவக்காத புள்ளி

கையுறையைக் கிழித்துக்கொண்டு ஊசி இறங்கிய இடம் இன்னும் சிவக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வீக்கமும் இல்லை. காலையில் பாதி தின்று வைத்த ரொட்டியின் பூசண வாடையையும், கதவுக்கு மேலே காற்றை உறிஞ்சும் விசிறியின் ஓயாத முனகலையும் தவிர, அந்தத் தனியறையில் அவளுக்குத் துணை யாருமில்லை.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கணவன் போனில் சிரித்தான். "காய்ச்சலே இல்லையாம். நாளைக்கு வீட்டுக்குப் போலாம்."

"காய்ச்சல் வரணும்ங்க. வந்தாத்தான் நான் பொழைப்பேன்."

"காய்ச்சல் வரலைன்னு அழுவுற ஒரே ஆளு என் பொண்டாட்டிதான்!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊசியில் இருந்த வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவளே அவள்தான். அந்நியக் கிருமி நுழைந்தால் உடம்பின் டி செல்கள் கூப்பாடு போட்டு மற்ற காவல் செல்களை எழுப்பும். காய்ச்சலும் சிவப்பும் அந்தக் கூப்பாடுதான். இந்த வைரஸ் டி செல்களைக் கொல்வதில்லை. அவற்றையே ஒரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. அது இரத்தத்தில் பரவி, தொற்றே படாத செல்களையும் அடக்கிப் படுக்க வைத்துவிடும். தொற்றிய செல்களை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை கிடந்த நீரில் ஒரே ஒரு துளியை நல்ல செல்கள்மேல் விட்டுப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொன்றாக அடங்கின. சாகவில்லை. பிறகு எந்தக் கிருமியை உள்ளே விட்டாலும் அவை கண்டுகொள்ளவே இல்லை.

"அந்தப் புரதம் இருக்கான்னு பாக்கச் சொன்னீங்களா?"

"அந்த டெஸ்ட்டை இங்க யாருக்கும் பண்ணத் தெரியாதாம்மா. உனக்கு மட்டுந்தான் தெரியுமாம்."

அவளோ கதவுக்கு இந்தப் பக்கம். உள்ளே கைப்பிடி இல்லாத கதவு.

சுவரில் இருந்த சின்னத் திறப்பின் வழியே நர்ஸ் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். "தெர்மாமீட்டரை அக்குள்ல வச்சுக்கோங்க மேடம்."

வைத்துக்கொண்டாள். விசிறி முனகியது.

பூசண வாடை போகவில்லை.

தட்டு இல்லை. குப்பைக்கூடை காலி. தலையணையை முகர்ந்தாள். சட்டையை முகர்ந்தாள். உள்ளங்கையைக் குவித்து மூச்சை ஊதினாள்.

அங்கேதான்.

முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் போய் வாயைத் திறந்தாள். அடிநாக்கிலிருந்து தொண்டைக்குள் இறங்கி, பச்சை வெல்வெட். விரலால் தொட்டாள். மெத்தென்றிருந்தது. சுற்றிலும் துளிச் சிவப்பில்லை. வலியில்லை.

தெர்மாமீட்டர் கீச்சென்றது. நார்மல்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், எண்ணை எட்டிப் பார்த்த கணவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.