ஒன்று கேட்டால் போதும்

தென்குடாவில் காலையில் கண் விழித்ததும் மக்கள் முதலில் மூச்சுக் கேட்பார்கள். ஓடியாடி வேலை செய்யப் போகிறவர் கூடுதலாகக் கேட்பார், படுத்தே கிடக்க நினைப்பவர் குறைவாக. வாய் திறக்க வேண்டியதில்லை. மனதில் ஓர் எண்ணை நினைத்தால், விலாவுக்குள் பதித்த மூச்சுச்சில்லு அதைப் பொதுப்பலகையில் எழுதிவிடும். நகரின் மையக் கணினியான உட்கரு அதைப் படித்து, காற்று தரும் அவரவர் கழுத்துப்பட்டையின் திறப்பைக் கூட்டும், குறைக்கும். செவ்வாயின் அந்தக் குவிமாடத்துக்குள் காற்று அவ்வளவு மெலிது.

உட்கருவைப் பராமரிப்பவள் எழினி. பக்கத்துக் குடியிருப்பான வடமேட்டின் குவிமாடம் விரிசல் கண்டு, அங்கிருந்தவர்கள் சுரங்கப்பாதை வழியாக வந்து சேர்ந்த அன்று, தங்கள் ஊர்ச் சில்லோடு வந்த அவர்களுக்குப் பட்டை மாட்டிவிட்டவளும் அவள்தான்.

மாட்டிய சற்று நேரத்தில் கூடமே களைகட்டியது. வந்தவர்களின் பட்டைகளிலிருந்து காற்று பீறிட்டு அடித்தது. ஒருவரின் துண்டு பறந்து விளக்கில் தொங்கியது.

"விருந்தாளின்னா இப்படியா ஊத்தி ஊத்திக் கொடுப்பீங்க?" என்றான் வடமேட்டுப் பொறியாளன் நவாஸ். எல்லாரும் சிரித்தார்கள்.

எழினிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றைப் பெரிதாகப் படிக்கிற உட்கரு, இன்னொன்றைச் சிறிதாகவும் படிக்கலாமே. பொதுப்பலகையைத் திறந்து பார்த்தாள். வந்தவர்கள் எல்லாருக்கும் ஆயிரக்கணக்கில் இருந்தது. பெனடிக்டா என்ற பெயருக்கு நேரே மட்டும் ஒன்று.

பெனடிக்டா நிறைமாதக் கர்ப்பிணி. ஓரத்து இருக்கையில் சாய்ந்திருந்தாள். பயணக் களைப்பு என்று எல்லாரும் விட்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அக்கா, எவ்வளவு கேட்டீங்க?"

"இருநூத்தி... அம்பத்தாறு. ரெண்டு உயிருக்கும் சேத்து."

எழினிக்கு விளங்கிவிட்டது. பலகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு கட்டங்கள். ஒரு கட்டத்தில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் அடங்கும்; அதைத் தாண்டினால் பெரிய கட்டத்தில் ஒன்று ஏறி, சின்னது சுழியாகும். தென்குடா பெரிய கட்டத்தை முதலில் வைக்கும். வடமேட்டுச் சில்லுகள் சின்னதை முதலில் வைத்துப் பழகியவை. எழுதியது ஒரு பக்கமிருந்து, படிப்பது மறு பக்கமிருந்து. பெரிய கட்டத்து ஒன்று வெறும் ஒன்றாகிவிட்டது.

உட்கருவை நிறுத்தித் திருத்த நேரமில்லை. நிறுத்தினால் நகரத்துக்கே மூச்சு முட்டும்.

"அக்கா, நான் சொல்றதக் கேளுங்க. ஒண்ணு மட்டும் கேளுங்க."

பெனடிக்டா அவளை வெறித்தாள். "மூச்சே இல்லங்கிறேன். கொறைக்கச் சொல்றியே."

"கொறையாது. உங்க சில்லு எழுதுறத எங்க உட்கரு திருப்பிப் படிக்குது. நீங்க ஒண்ணு கேட்டா, அது இருநூத்தி அம்பத்தாறுன்னு படிக்கும்."

பெனடிக்டா நவாஸைப் பார்த்தாள். அவன் ஒரு கணம் யோசித்தான். பிறகு முகம் வெளுக்கத் தலையசைத்தான்.

மூச்சுக்குத் தவிப்பவள் மூச்சைக் குறைத்துக் கேட்பது லேசான காரியமா? அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால், அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த எழினியின் விரல்களை இறுக்கினாள். கண்களை மூடி ஒன்று என்று நினைத்தாள்.

பட்டை இரைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. "உதைக்குது," என்றாள் வயிற்றைத் தடவியபடி. எழினிக்குத்தான் அழுகை வந்தது.

பிறகு எழினியும் நவாஸும் வேலைக்கு உட்கார்ந்தார்கள்.

"உங்க சில்லு தலைகீழா எழுதுது."

"உங்க உட்கரு தலைகீழாப் படிக்குதுன்னு நாங்க சொல்லலாமில்ல?"

இருவரும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டார்கள். பிறகு அவனே சொன்னான்: "யாரும் மாற வேணாம். எந்தப் பக்கத்திலேருந்து எழுதுறோம்னு முதல்லயே ஒரு குறி வச்சிடுவோம். உட்கரு குறியைப் பாத்துட்டு, வேணும்னா திருப்பிக்கட்டும்."

மாலைக்குள் முடிந்தது. சில்லுகள் தம் வழக்கப்படியே எழுதின, உட்கரு தன் வழக்கப்படியே படித்தது, நடுவில் எண்கள் சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டன. பட்டைகளின் இரைச்சல் அடங்கியது. அந்த வாரமே பெனடிக்டாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு ஊர்ப் பெண்களும் முறைவைத்துத் தூக்கிக்கொண்டார்கள்.

மகிழ்ந்துபோன இரண்டு ஊர் மன்றங்களும் ஒரே நகராக இணைவது என்று முடிவெடுத்தன. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

அது ஆகி மூன்றாண்டு ஓடிவிட்டது. ஒப்பந்தத்தின் தலைப்பில் 'தென்குடா வடமேடு' என்று போடுவதா, 'வடமேடு தென்குடா' என்று போடுவதா என்பதில் இரு ஊர்க் கூட்டு மன்றம் இன்னும் கூடிக் கூடிக் கலைகிறது. அவரவர் பிரதியில் அவரவர் வரிசை இருக்கட்டும், மேலே ஒரு குறி போட்டுக்கொள்ளலாம் என்று நவாஸ் ஒருமுறை எழுந்து சொன்னான்.

"அதெப்படி தம்பி," என்றார் ஓர் உறுப்பினர். "நாம என்ன மெஷினா?"

எதிர்த்தரப்பும் மேசையைத் தட்டி அதை ஆமோதித்தது. அந்த மூன்றாண்டில் மன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட முதல் கருத்து அதுதான்.