சரள் மேட்டில் ஒன்றுமே இல்லை

புளியடிக்குளத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். இருப்பதை இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். கையில் மீன்குழம்பு மணக்கும்போதே, "என்னத்த, ஏதோ கஞ்சி" என்பார்கள். வயலில் நெல் தலை சாய்ந்து நிற்கும்போதே, "ஏதோ கெடக்கு" என்பார்கள். சொன்னால் கண் பட்டுவிடுமாம்.

இந்தப் பழக்கம் ஒருமுறை பெர்சிஸின் மூன்று ஆடுகளுக்கு வினையாக வரப் பார்த்தது.

பெர்சிஸ் ஆறாம் வகுப்பு. ஊருக்கு மேற்கே இருந்த சரள் மேட்டைத் தோண்டி, சாலை போடச் சரள் எடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அதற்காகச் சபீதா என்ற அக்கா பாளையங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். பள்ளி விடுமுறை என்பதால், பெர்சிஸ் அவருக்கு வீடுகளைக் காட்டப் போனாள்.

முதலில் டீக்கடை. "மேட்டுல என்ன இருக்கு அண்ணாச்சி?" என்று சபீதா கேட்டார்.

"என்ன இருக்கு? கல்லும் முள்ளும்தான்" என்றார் கடைக்காரர் ஞானசிகாமணி.

மேட்டடியில் குடியிருந்த ரைஹானத் அக்கா, "நாங்க அங்கன எட்டிக்கூடப் பாக்கதில்ல" என்றார்.

பெர்சிஸின் அப்பா ஹெப்ரானும் ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. "வெயிலுதான் காயுது" என்றார்.

சபீதா தன் தாளில் எழுதியதைப் பெர்சிஸ் எட்டிப் பார்த்தாள். 'பயன்பாடு இல்லாத நிலம். நீரோடை இல்லை.'

"அக்கா, இப்படி எழுதுனா என்ன ஆகும்?"

"சரள் எடுக்க அனுமதி சுலபமா கிடைச்சிரும். சுத்தி வேலி போட்டிருவாங்க."

"அப்போ எங்க ஆடு எங்க மேயும்?"

சபீதா நிமிர்ந்தார். "ஆடா? மேட்டுல ஆடு மேயுதா?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேலி வந்துட்டுன்னா ஆட்ட வச்சு என்ன செய்ய? செவ்வாக்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குக் கொண்டு போயிர வேண்டியதுதான்."

பெர்சிஸுக்கு அழுகை வந்தது. மூன்றில் சின்னது பொட்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் பிறந்தது. பாட்டிலில் பால் கொடுத்து அவள்தான் வளர்த்தாள்.

"நிஜத்த எழுதுங்கக்கா" என்றாள்.

"பெரியவங்க சொல்லுததத்தான் நான் எழுத முடியும், பெர்சிஸ். மூணு பேரும் ஒண்ணுமில்லன்னுதானே சொன்னாங்க?"

அதுவும் சரிதான். பெர்சிஸ் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். இருப்பதைக் கேட்டால் ஊரில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் குறையைக் கேட்டால்? நிறுத்தவே மாட்டார்கள்!

"அக்கா, இன்னொரு தடவ போவோம். நான் கேக்கேன். நீங்க எழுதுங்க."

மறுபடியும் டீக்கடை.

"அண்ணாச்சி, கால்ல என்ன கட்டு?"

"அத ஏன் கேக்க பிள்ள!" ஞானசிகாமணி காலைத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தார். "மேட்டுக்கு விறகு வெட்டப் போனேன். உடைமரத்து முள்ளு ஏறிட்டு. வாரம் ரெண்டு நடை போறேன், வாரம் ரெண்டு முள்ளு!"

சபீதாவின் பேனா ஓடியது.

ரைஹானத் அக்கா கையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"கையில என்னக்கா?"

"பிரண்டை ஒடிச்சேன், பிள்ள. மேட்டுப் பிரண்டைக்கு அரிப்பு ஜாஸ்தி. அது போவட்டும். மழை வந்தா நான் படுத பாடு இருக்கே! மேட்டுத் தண்ணி பூரா எங்க வீட்டுக்குப் பின்னால ஓடிதான் குளத்துக்குப் போவுது. போன ஐப்பசியில ரெண்டு கோழி போச்சு!"

"வீட்டுக்குப் பின்னால ஓடையா?" சபீதா விறுவிறுவென்று பின்பக்கம் போனார். காய்ந்த மணல் தடம் ஒன்று மேட்டிலிருந்து வளைந்து குளம்வரை இறங்கியிருந்தது. நாலைந்து படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக அப்பா.

"ஆடு மேய்க்கது கஷ்டமாப்பா?"

"பின்ன? பதினோரு வீட்டு ஆடு ஒண்ணா மேட்டுல ஏறுது. அதுல நம்ம ஆட்டப் பிரிச்சுக் கொண்டாறதுக்குள்ள உசிரு போயிருது. இந்தப் பொட்டு இருக்கே, உடைமரத்து நெத்துக் காயக் கண்டா…" அப்பா சட்டென்று நிறுத்தினார். "என்னம்மா எழுதுதிய?"

"நீங்க சொல்லுததத்தான், அண்ணாச்சி" என்றார் சபீதா. முதலில் எழுதியதை அடித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தையும் நிரப்பியிருந்தார்.

அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு பெர்சிஸைப் பார்த்து, "சரி, சந்தை கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, அனுமதி கொடுக்கலாமா என்று ஊராரிடம் கேட்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. அதிகாரி சபீதா எழுதிய தாளை உரக்க வாசித்தார். அவரவர் பெயர் வந்தபோது அவரவர் நெளிந்தார்கள்.

"இதெல்லாம் உண்மையா?" என்று அதிகாரி கேட்டார்.

"அப்படி ஒண்ணும் பெருசா…" என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய ஞானசிகாமணி, முன்வரிசையில் பெர்சிஸின் முகத்தைப் பார்த்தார். பேச்சை அப்படியே விட்டுவிட்டு, கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. ரைஹானத் அக்கா எழுந்து, "வாங்க சார், ஓடையக் காட்டுதேன்" என்று அதிகாரியைக் கையோடு கூட்டிப்போனார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. ஓடையும் மேய்ச்சலும் இருப்பதால் மேட்டில் சரள் எடுக்க அனுமதி இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. மேலப்பாளையம் சந்தைக்குப் போகிற வண்டி பெர்சிஸின் வீட்டு முன்னால் நின்றது.

"ஆடு ஏத்தலையா, ஹெப்ரான்?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"இதுல என்னவே இருக்கு? எலும்பும் தோலும். எவன் வாங்குவான்?" என்றார் அப்பா.

பொட்டு, பந்து போல் உருண்ட வயிற்றோடு, மேட்டைப் பார்த்துத் துள்ளி ஓடியது. பெர்சிஸ் பின்னாலேயே ஓடினாள். ஊர்ப் பழக்கம் அவளுக்கு அன்றைக்கு மிகவும் பிடித்திருந்தது.