கடித்தால் கையை இழுக்காதே

விளக்கு வைக்கும் நேரத்தில் முள்ளெலி இருமியது.

சீறியிருந்தால் சொர்ணாம்பாள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். வந்த புதிதில் அது சீறுவதும் கடிப்பதுமாகத்தான் இருந்தது. இது வேறு. விடாமல் எட்டுப் பத்து இருமல், அப்புறம் உள்ளே இழுக்கும் ஒரு நீண்ட மூச்சு, அந்த மூச்சின் கடைசியில் ஒரு கூவல். திரியைத் தூண்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கூவலை இதே வீட்டில் முப்பத்தெட்டு நாள் கேட்டவள் அவள். அது தையும் மாசியும். இப்போது ஐப்பசி.

மகள் கனகாவுக்குக் கக்குவான் கண்டபோது வயது ஆறு. புருஷன் விருத்தகிரி நெய்வேலிக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய், அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்ட மகராசன். பீங்கான் பட்டறையில் ஜாடிகளின் ஒட்டுத் தடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் கூலியில் சொர்ணாம்பாள் தனியாகத்தான் வைத்தியம் பார்த்தாள். முள்ளெலியின் முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் கக்குவான் நிற்கும் என்றார்கள். கருவேப்பிலங்குறிச்சியில் வயலெலி பிடிக்கும் காத்தவராயனிடம் சொல்லி வைத்தாள். அவன் அறுப்பு வேலைக்கென்று மங்களூர்ப் பக்கம் போனவன், புரட்டாசி முடியும்போதுதான் ஒரு சட்டியில் முள்ளெலியோடு வாசலில் வந்து நின்றான்.

"பாப்பாவுக்கு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டான்.

சொர்ணாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கே புரிந்துபோய், சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

"அத வுட்டுட்டுப் போ," என்றாள். "வூட்ல ஒரு உசுரு இருக்கட்டும்."

இரக்கப்பட்டு அவன் பழக்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தான். "கருவாட்டுக் கையோட போனா தீனின்னு கடிக்கும், நல்லாக் கழுவிட்டுப் போங்க. நீங்க உடுத்துன துணி ஒண்ணத் தொவைக்காம உள்ள போடுங்க. அந்த வாசனைக்குப் பழகிக்கும். கடிச்சா மட்டும் வெடுக்குனு கைய இழுக்காதீங்கம்மா. கடிச்சா ஆளு வுட்டுட்டுப் போயிடுவாங்கன்னு அது கத்துக்கும். அசையாம இருங்க, தானா வுட்டுடும்."

சூளைக்குள் ஜாடிகளை வைத்து மூடும் கனத்த மண்பெட்டி ஒன்று, விரிசல் விட்டதென்று பட்டறையில் வெளியே போட்டிருந்தார்கள். முழங்கால் உயரம் இருக்கும். அதுதான் முள்ளெலிக்கு வீடாயிற்று. ஆனால் துணி விஷயத்தில் சொர்ணாம்பாள் ஒரு காரியம் செய்தாள். தன் புடவையைப் போடவில்லை. டிரங்குப் பெட்டியில் எட்டு மாதமாகத் துவைக்காமல் வைத்திருந்த கனகாவின் மஞ்சள் கவுனைப் போட்டாள். என் சேலையில் களிமண் வாசனைதானே அடிக்கும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். நீலகிரித் தைலமும் பிள்ளை வியர்வையும் கலந்த அந்த வாசனையை, தன்னைத் தவிர இன்னொரு ஜீவனும் தேட வேண்டும் என்ற ஆசை. வேறென்ன?

முள்ளெலி கவுனை முகர்ந்தது. மென்றது. வாயில் நுரை தள்ள, கழுத்தை வளைத்து அந்த நுரையைத் தன் முள்ளெல்லாம் பூசிக்கொண்டது. அன்றிலிருந்து கடிப்பதை விட்டது. நாலாம் நாள் தானாகவே அவள் உள்ளங்கையில் ஏறி, சூடான வயிற்றைப் பதித்துப் படுத்தது. சொர்ணாம்பாள் அழுதுவிட்டாள்.

ஐந்தாம் நாள்தான் அந்த இருமல்.

பெட்டிக்குள் இருட்டாக இருந்தது. கையை விட்டுத் துழாவினாள். கவுன் ஈரமாக இருந்தது. முள் தட்டுப்படவில்லை. ஆள்காட்டி விரலை ஏதோ பிடித்துக் கடித்தது. உயிர் போகிற வலி. காத்தவராயன் சொன்னதை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். நெடுநேரம் கழித்து அது விட்டது.

மறுநாள் பட்டறையில், பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் காசியம்மாள் அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு வூட்டுப் புள்ளடி கடிச்சிது?"

"முள்ளெலிக்கா."

"போடி. வளைவாப் பதிஞ்சிருக்குது பாரு. மேல முன்பல்லு ரெண்டும் இல்லாத புள்ள."

சொர்ணாம்பாள் விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அன்று முழுக்க ஒரு ஜாடிகூட அவளுக்கு ஒழுங்காக அமையவில்லை. கனகாவுக்கு முன்பல் இரண்டும் தைமாதம் விழுந்தவை. இருமல் வரும்போதெல்லாம் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்க, இதே விரலைத்தான் வாயில் கொடுப்பாள். கடைசி நாள் கடி பொறுக்க முடியாமல் வெடுக்கென்று இழுத்துவிட்டாள். பிள்ளை அவளை ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான், அடுத்த மூச்சு வரவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழும் சத்தத்தில் தெருவே காணாமல் போயிற்று. சீயக்காய் போட்டு இரண்டு தரம் கையைக் கழுவினாள். விளக்கை ஏற்றினாள். வீடெல்லாம் தைல வாசனை.

இருமல்.

கூவல்.

கையை உள்ளே விட்டாள். ஈரத் துணி. சூடு. வாய்.

கடித்தது.

அப்போது அடுப்படியில் சரசரவென்று சத்தம் கேட்டது. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து முள்ளெலி வெளியே வந்தது. விளக்கு வெளிச்சத்தில் நின்று பெட்டியைப் பார்த்தது. பந்தாகச் சுருண்டுகொண்டது.

சொர்ணாம்பாள் அதைப் பார்த்தாள். முழங்கால் உயரப் பெட்டிக்குள் தோள்வரை போயிருந்த தன் கையைப் பார்த்தாள். பல் இன்னும் இறுகியது. எலும்பில் பட்டது.

இழுக்கவில்லை.

"கடிச்சிக்கடா கண்ணு," என்றாள். "அம்மா எடுக்க மாட்டேன்."

பெட்டிக்குள் இருமல் நின்றது. சின்ன விரல்கள், ஒன்று, இன்னொன்று, சில்லென்று அவள் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கின.