லேஸ் கட்டாத தச்சன்

ஊமியோ நகரின் கை சிகிச்சை மையத்தில் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றுவது சுலபம்... வலது கையில் கட்டோடு திரும்ப மாட்டுவதுதான் பெரும்பாடு. லேஸ் தொங்கத் தொங்க எழுந்த டோர்கெல், தடுமாறி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிக்னே என்ற பெண்ணின் காலை மிதித்துவிட்டான்.

“லேஸைக் கட்டிட்டு நடக்கக் கூடாதா?”

“ஒத்தைக் கையால கட்டிக் காட்டுங்க, பாக்கலாம்.”

நிமிர்ந்து பார்த்தாள். மழைக்கு முந்தைய வானம் போல் அவனுக்குச் சாம்பல் கண்கள்... அவள் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவளுக்கும் இடது கையில் கட்டு. அவன் ஷூவின் பக்கம் குனிந்தாள். அவள் வலது கை, அவன் இடது கை... மூன்றாவது முயற்சியில் முடிச்சு விழுந்தது.

இருவருக்கும் ஒரே கோளாறு, மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கார்ப்பல் டனல். முடி திருத்தும் அவளுக்குச் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டு ஆபரேஷன். தச்சனான அவனுக்கு உள்ளங்கையைக் கீறிப் பழைய முறையில். இரண்டே வாரத்தில் கத்திரி பிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொண்டாள் சிக்னே. டாக்டர் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து வெட்டினால்தான் தனக்கு நிம்மதி என்றான் அவன்.

சொன்னபடியே அவள் வேலைக்குத் திரும்பினாள். அவனுக்கோ தழும்பு வலித்தது, உளியைத் தொட முடியவில்லை. அடுத்த முறை பார்த்தபோது இவள் சும்மா இருந்திருக்கலாம். “நான் அப்பவே சொன்னேன்ல...” என்று சீண்டினாள். அவன் முகம் சுருங்கிவிட்டது.

அதற்கடுத்த முறை லேஸே இல்லாத ரப்பர் பூட்ஸில் வந்தான். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விட்டான். வீம்பு பிடித்த மனுஷன்... திட்டிக்கொண்டே வீடு வரை அழுதாள்.

மூன்றாம் மாதம், கடைசிப் பரிசோதனை. இனி இங்கே வர வேலையில்லை... அவனைப் பார்க்கவும் வழியில்லை. கனத்த மனதோடு பரிசோதனை அறையிலிருந்து வந்தாள்.

வாசல் பெஞ்சில் அவன். பழைய ஷூ. லேஸ் இரண்டும் அவிழ்ந்து கிடந்தன.

“கை இன்னும் சரியாகலையா?” பதறினாள்.

“ஆயிடுச்சு. இப்ப உங்க கையும் என் கையும் ஒண்ணுதான்.”

“அப்ப கட்ட வேண்டியதுதானே?”

“கட்டலாம்... அரை மணி நேரமா கட்டாம உக்காந்திருக்கேன்.” அவிழ்ந்த லேஸைப் பார்த்தபடியே சொன்னான். “அன்னிக்கு வீம்பு பண்ணினது தப்பு. உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சிக்னே.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் அவனருகில் உட்கார்ந்து, குணமான இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

“எனக்கும்தான். வலது கையை மறைங்க,” என்றாள். “அவசரமில்ல... மெதுவாக் கட்டலாம்.”