அசல் தட்டைச் செருகவும்

இவ்வளவு நேரம் சுழன்ற குறுந்தட்டு இளஞ்சூடாக இருந்திருக்க வேண்டும். வெளியே எடுத்தபோது அது நெவேனாவின் விரலில் பனிக்கட்டி போல் சில்லிட்டது.

தம்பி ஒக்னியான் இறந்து அன்று நாற்பதாம் நாள். காலையில் ஊர் வழக்கப்படி கல்லறையில் சர்க்கரை தூவிய கோதுமையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள், அவனுடைய கணினியைக் கூடத்து மேசையில் வைத்து உயிர்ப்பித்தாள். அவன் கடைசியாகப் பாடிய பாட்டு அதற்குள் இருந்தது. அதைத் திறக்கும் மென்பொருளோ, அசல் தட்டு உள்ளே இருந்தால்தான் இயங்கும். தட்டு அசல்தான். பெட்டியும் ரசீதும் உறையில் ஒட்டிய எண்ணும் பத்திரமாக இருந்தன. ஆனாலும் ஏழாவது முறையாகத் திரையில் அதே வரி: அசல் தட்டைச் செருகவும்.

தன்யூப் ஆற்றின் மூடுபனி ரூசே நகரத்தை மூடியதில், நண்பகலிலேயே சன்னல்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தன. வெந்நீர்க் குழாய் எங்கோ முனகியது. அணைந்த மெழுகுவர்த்தியின் புகைவாடை திரைச்சீலைகளில் தங்கியிருந்தது. அவள் மென்பொருள் நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள்.

"கடையில வாங்கினதுங்க. திருட்டுத் தட்டு இல்ல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க மேடம். நம்பரைப் படிங்க."

படித்தாள். அந்தப் பக்கம் விசைகள் தட்டப்படும் ஓசை.

"இது இப்ப ஓடிக்கிட்டு இருக்கே மேடம். அதான் உங்களுக்குத் திறக்கல."

"எங்க ஓடுது?"

"உங்க வீட்லயேதான். அவரை நிறுத்தச் சொல்லுங்க, உங்களுக்குத் திறந்துடும்."

"வீட்ல நான் மட்டும்தாங்க இருக்கேன்."

"பதிவு நடக்குதுன்னு காட்டுதே. பாடிக்கிட்டு இருக்காரு போல."

இணைப்பைத் துண்டித்தாள். தட்டு அவள் மடியில் இருந்தது. கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

சுழலும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அது உள்ளிருந்து வந்தது. ஒக்னியானின் அறை. கட்டில், நாற்காலி, விளக்கு எல்லாவற்றையும் போன வாரமே தேவாலயத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. அங்கே வெறும் சுவர்தான்.

நடந்தாள். கைப்பிடி ஈரமாக இருந்தது.

"ஒகி?"

சத்தம் வேகமெடுத்தது.

கதவைத் தள்ளினாள்.

சுவரைப் பார்த்து நின்றிருந்தான். புதைத்தபோது போட்ட அதே கோட்டு. முதுகில் மண்.

மெல்லத் திரும்பினான். அவளுக்காகப் பாட வாயைத் திறந்தான். பாட்டு வரவில்லை. உதடுகள் அசைந்தன. தொண்டையின் இருட்டுக்குள், வெள்ளியாய் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.