ஒத்திசைவு நூறு

காலை ஆறேகாலுக்குச் சுவர்த்திரை தானாக விழித்துக்கொண்டது. செண்பகவல்லி அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்திருந்தாள். டீயைக்கூட வாயில் வைக்காமல் கிட்டாரை எடுத்து மடியில் வைத்து, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிக் காட்டினாள். மூன்றாவது தந்தி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றது திரை. திருகினாள். "இன்று களைப்பாக இருக்கிறீர்களா? மாற்று வைக்கவா?" என்ற கேள்வி வழக்கம்போல மூலையில் வந்து நின்றது. முப்பது வினாடி பதில் சொல்லாவிட்டால் அதுவே மாற்று வைத்துவிடும்.

களைப்புக்கு என்ன குறைச்சல்! முந்தின நாள் மின்கலக் கொட்டகையில் பதினோரு மணி நேரம் நின்றிருந்தாள். பழைய கார்களின் மின்கலங்களை உடைத்து உள்ளே இருப்பதை வகைவகையாகப் பிரிக்கிற வேலை. இடுப்பு என்று ஒன்று தனக்கு இருப்பதே இப்போதெல்லாம் வலியால்தான் தெரிகிறது. ஆனாலும் 'வேண்டாம்' என்பதைத் தொட்டாள். வெள்ளிக்கிழமை இசக்கிராஜ் வருகிறான். மூன்று வருடம் கழித்து வருகிற புருஷன் முன்னால் விரல் தடுமாறினால் நன்றாகவா இருக்கும்?

திரையில் ஆறு பாதைகள் விரிந்தன. மேலிருந்து வண்ணப் புள்ளிகள் எண்களோடு இறங்கின. எந்தப் பாதையில் எந்த எண் வருகிறதோ, அந்தத் தந்தியை அந்தக் கட்டத்தில் அழுத்தி மீட்ட வேண்டும். தந்திப்பாதை என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். பெயருக்குத்தான் விளையாட்டு. கையில் இருந்தது நிஜக் கிட்டார், எஃகுத் தந்தி. ஆரம்பத்தில் இடது கை விரல் நுனியெல்லாம் கொப்புளித்து, பாத்திரம் தேய்க்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டாலே உயிர் போகும். ஆள்காட்டி விரலை ஆறு தந்திக்கும் குறுக்கே வைத்து அழுத்துகிற எஃப் பிடி கைக்கு வரவே நான்கு மாதம் ஆனது. இப்போது நுனிகள் காய்த்துப்போய், கொதிக்கிற டம்ளரை அந்த விரல்களால் சும்மா தூக்கிவிடுவாள்.

திரையின் இடப்பக்கம் அவளுடைய பாதை. வலப்பக்கம் இசக்கிராஜின் பாதை. அவன் இருந்தது நிலவில், குவாரியில்.

கோவில்பட்டியில் அப்போது தெருவுக்கு இரண்டு பேராவது நிலவுக்குப் போயிருந்தார்கள். நிலாக்காரன் பெண்டாட்டி என்றால் ஊரில் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதையை வைத்து ஒரு குடம் தண்ணீர்கூடப் பிடிக்க முடியாது என்பது வேறு விஷயம். போன புதிதில் தினமும் பேசிக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆனால் இங்கிருந்து போகிற பேச்சு அங்கே சேர்ந்து, பதில் திரும்பி வர இரண்டரை வினாடி ஆகும். என்ன பெரிய இரண்டரை வினாடி என்று தோன்றும். பேசிப் பார்த்தால்தான் தெரியும். "சாப்பிட்டீங்களா?" என்பாள். பதில் வராது. கோபமோ என்று நினைத்து, "என்ன, பேச மாட்டேங்குதீங்க?" என்று கேட்பாள். அதே நேரத்தில் "சாப்பிட்டேன்" என்பது வந்து அதன்மேல் விழும். "எதுக்குக் கத்துத?" என்று அவன் கேட்பான். அவள் கத்தியே இருக்க மாட்டாள். இப்படியே ஊர் முழுக்க நிலாக்காரர் வீடுகளில் சண்டை. இரண்டு குடும்பம் பிரிந்தே போனது.

குவாரிக் கம்பெனி சும்மா இருக்குமா? ஆள் மனம் சரியில்லை என்றால் அங்கே துளைக்கருவி கோணலாகப் போகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேச்சை வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் குறைத்தது. அதற்குப் பதில் தினமும் காலை அரைமணி நேரம் தந்திப்பாதை. இதில் காத்திருக்க வேண்டியதில்லை. முன்னூகி என்று ஒரு கருவி நடுவில் உட்கார்ந்திருந்தது. உன் கை எப்படிப் போகும் என்பதை அது படித்துவைத்துக்கொண்டு, நீ வாசிக்கப்போவதை உனக்கு முன்பே அங்கே வாசித்துவிடும். உன் நிஜ வாசிப்பு போய்ச் சேர்ந்ததும் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளும். அதே கருவிதான் மாற்றும் வைக்கும். காய்ச்சல், களைப்பு என்று நீ வராத நாளில் உன் இடத்தில் உன் கையாகவே, ஆனால் ஒரு தப்பும் விடாமல், வாசிக்கும். இணையர் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்பதால் அதை அவரிடம் சொல்லாது.

செண்பகவல்லியும் மாற்று வைத்திருக்கிறாள். இல்லை என்று சாமி முன்னால் சொல்ல முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

திரைக்குப் பக்கத்தில், கம்பெனி அனுப்பிய ஒத்திசைவுச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. போன ஆவணியில் ஒரு வியாழக்கிழமை, இணைப்பாடம் நாற்பத்தொன்று, நூற்றுக்கு நூறு. ஊரில் யாருக்கும் நூறு வந்ததில்லை. அதை அவள் நேராகப் பார்ப்பதே இல்லை. அந்த வியாழக்கிழமை அவள் கொட்டகையில் இரட்டை ஷிஃப்டில் இருந்தாள். பாவம், அந்த மனுஷன் அங்கே உயிரைக் கொடுத்து வாசித்திருக்கிறான், இங்கே நான் இல்லாமல் போனேனே என்று அவளுக்கு இன்றைக்கும் நெஞ்சு உறுத்தும்.

புதன்கிழமை குடும்ப நல அலுவலர் நவமணி திரையில் வந்தாள். "சார் இன்னும் மூணு வருஷத்துக்கு விண்ணப்பிச்சிருக்காங்க மேடம். உங்க சம்மதக் கைரேகை ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும். ஒத்திசைவு தொண்ணூறுக்குக் கீழ இருந்தா ஆலோசனைக்கு வரச் சொல்லுவோம். உங்களுக்குத் தொண்ணூத்தாறு! நேரா ரேகை வச்சிரலாம்."

இன்னும் மூன்று வருடம். செண்பகவல்லிக்கு அழக்கூடத் தெம்பில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தாள். பேச்சு வாரத்துக்குப் பத்து நிமிடம்தான், முகம் இல்லை, சரி. அந்த அரைமணி நேரம் இருக்கிறதல்லவா? அந்த நேரத்தில் அவன் விரல் அசைவது அவளுக்குத் தெரிகிறது. அது இருக்கும்வரை தாங்கிக்கொள்ளலாம். வைத்துவிடுகிறேன் என்று நவமணியிடம் சொன்னாள்.

மறுநாள் காலை இசக்கிராஜ் திரும்பி வரும் கலத்தில், இருக்கை வாரில் கை கால் கட்டுண்டு கிடந்தான். வலப்பக்கப் பாதை எப்போதும்போல வாசித்தது. பயணத்துக்காக மாற்று வைத்திருப்பான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே என்பது மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

வெள்ளி மத்தியானம் வந்து சேர்ந்தான். பூமியின் எடை தாங்காமல் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான். முன்பக்கம் நரைத்திருந்தது. அவள் "வாங்க" என்றாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இரண்டரை வினாடி கழித்து, "வந்துட்டேன்" என்றான். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் அப்படித்தான். அவள் கேட்பாள், இடைவெளி, அவன் பதில். அவன் கேட்பான், இடைவெளி, அவள் பதில். கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளோடு நிலவுப் பேச்சுப் பேசுகிறோமே என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வைத்திருந்த இரண்டாவது கிட்டாரை எடுத்து வந்தாள்.

"நாப்பத்தொண்ணு வாசிப்போமா? திரை வேண்டாம். சும்மா, நாம ரெண்டு பேரும்."

இடைவெளி. "இன்னைக்கு வேண்டாமே. கையெல்லாம் கனமா இருக்கு."

"நாலு வரி போதும்."

"நாளைக்குப் பாப்போம் செண்பகம்."

கனக்கிறது என்றானே என்று பிடித்துவிடத்தான் அவன் இடது கையை எடுத்தாள். விரல் நுனிகள் மெத்தென்று இருந்தன, பச்சைப்பிள்ளை விரல் மாதிரி. ஒவ்வொரு நுனியாகத் தடவிப் பார்த்தாள். ஒரு காய்ப்பும் இல்லை. தன் கையைத் திருப்பி அதன் பக்கத்தில் வைத்தாள். இருவரும் அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எத்தன நாளாச்சு?" என்றாள்.

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும். தொடர் மாற்றுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு தடவ போட்டா அது பாட்டுக்கு ஓடும்."

"அட பாவி மனுஷா! நான் தெனமும் விடியாத முன்ன எந்திரிச்சு, இடுப்பு ஒடிய உக்காந்து, யாருகூட வாசிச்சேன்?"

அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நீ போயிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"நான் எங்க போனேன்?"

"நாப்பத்தொண்ணுல மூணாவது திருப்பம் இருக்குல்லா, எஃப் பிடிக்குப் போற எடம். அங்க நீ எப்பவும் ஒரு இழை பிந்துவ. எப்பவும். முன்னூகி ஒண்ணு வாசிக்கும், அப்புறம் ஓடி வந்து திருத்தும். எனக்குச் சிரிப்பு வரும். ஆஹா, செண்பகம் வந்துட்டா, நாற்காலி நுனியில உக்காந்து நாக்கக் கடிச்சுக்கிட்டு இருப்பான்னு தெரியும். அங்க எனக்கு அந்த ஒரு எடந்தான் வீடு. திடீர்னு ஒரு மாசம் அது நின்னுபோச்சு. அப்புறம் நீ பிந்தவே இல்ல. தப்பே விடாதது மாற்று மட்டுந்தான். சரி, அவளும் பாவம், வேல பாக்கா, அலுத்துப்போச்சு போலன்னு விட்டுட்டேன். கேக்கவும் பயமா இருந்துச்சு. பத்து நிமிசப் பேச்சுல இதயா கேக்க முடியும்?"

 அந்த மூன்றாவது திருப்பத்துக்காக அவள் இரண்டு மாதம் தனியாக உட்கார்ந்து பழகியிருந்தாள். தன்னால் அவனுக்கு மதிப்பெண் குறைகிறதே என்று வெட்கப்பட்டு, கொட்டகையில் சாப்பாட்டு நேரத்தில்கூட மேசை விளிம்பில் விரலை அழுத்தி அழுத்திப் பழகியதுதான். அவனுக்காகச் சரிசெய்தாள். சரியானதைக் கேட்டு அவன் போய்விட்டான். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்வது?

"நானும் சில நாள் மாற்று வச்சிருக்கேன்" என்றாள் கடைசியில். 

எழுந்து போய்த் திரையைத் தொட்டு, இருவருடைய வரலாற்றையும் கேட்டாள். அது ஒளிக்கவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இருவரும் நிஜமாக வாசித்த கடைசி நாள் பதினான்கு மாதத்துக்கு முன்னால் இருந்தது. அதற்குப் பிறகு அவள் நிஜம், அவன் மாற்று என்று வரிசை நீண்டது. நடுநடுவே இருவரும் மாற்று. பத்துப் பன்னிரண்டு என்று அவள் நினைத்திருந்தது எழுபத்து மூன்று. அந்த எழுபத்து மூன்று காலையும் இந்த வீட்டில் யாருமில்லாமல், அங்கேயும் யாருமில்லாமல், இரண்டு நிழல்கள் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டு வாசித்திருக்கின்றன. ஆவணி வியாழக்கிழமையைத் தேடினாள். அதுவும் அதில் இருந்தது. நூற்றுக்கு நூறு.

இசக்கிராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பின்னால் நின்று பார்த்தான். "அன்னைக்கு மட்டும் நீ வந்து வாங்கின நூறுன்னு நெனச்சேன்" என்றான்.

"நான் நீங்க வாங்கினதுன்னு நெனச்சேன்."

சட்டத்தைக் கழற்றி, கண்ணாடி உடையாமல் சுவரோரம் திருப்பி வைத்தாள். பிறகு இரவல் கிட்டாரை அவன் மடியில் வைத்தாள். அவன் மறுக்கவில்லை. வாசித்தார்கள் என்று சொல்வது அதிகம். அவன் விரல் பிடியிலிருந்து நழுவியது, தந்தி சரியாக அழுந்தாமல் டொக் டொக்கென்று செத்த ஓசை வந்தது. திரையைப் பார்த்தே பழகிய கண்கள் இருவருக்கும் அடிக்கடி சுவருக்குப் போய்த் திரும்பின. அவன் நிற்கிற இடத்தில் அவளும் நிற்க வேண்டியிருந்தது. இத்தனை நாளில் யாருக்காகவும் நின்று வாசித்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது திருப்பத்தில் அவனுக்காகக் காத்திருந்ததில் அவள் ஒரு இழை பிந்தினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று அவள் கேட்கவில்லை. விரல் எரிகிறது என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டான்.

மறுநாள் காலை ஆறேகாலுக்குத் திரை விழித்தது. இருவரும் அடுக்களையில் இருந்தார்கள். களைப்பாக இருக்கிறீர்களா என்று அது கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. முப்பது வினாடி பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு மாற்றையும் வைத்துக்கொண்டு தானே வாசிக்கத் தொடங்கியது. குறை சொல்ல முடியாத வாசிப்பு. வாசிப்புக்கு நடுவே நவமணியின் நினைவூட்டல் மணியும் ஒருமுறை அடித்தது.

செண்பகவல்லி டீயை ஆற்றி அவன் முன்னால் வைத்தாள். டம்ளரைத் தொட்டுவிட்டு, சுட்டதால் விரலை எடுத்துக்கொண்டான்.

"ரேகைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்று ஆரம்பித்தான். "இங்க வந்து நான் என்ன வேலையப் பாக்கப் போறேன்? உனக்கும் பழகிப்போச்சு. நான் இருந்தாலும் இல்லாட்டியும் உன் பாடு ஓடத்தான் செய்யுது. அதனால இன்னும் ஒரு மூணு வருசம்..."

"வேண்டாம்."

அவன் பேச்சை முடிக்கக்கூட இல்லை. "நீ யோசிச்சு..."

"யோசிக்க என்ன இருக்கு? கொட்டகையில ஆள் எடுக்காங்க. இடுப்பு போகும், போகட்டும். நான் ரேகை வைக்க மாட்டேன். என் பாடு ஓடுதுன்னு யாரு சொன்னா உங்களுக்கு? அந்தச் செவரா சொல்லிச்சு?"

"ஏன் இப்படிக் கத்துத?"

"கத்தத்தான் செய்வேன்!"

இந்தமுறை நிஜமாகவே கத்தினாள். மூன்று வருடத்தில் முதல்முறையாக, நடுவில் எந்தத் தாமதமும் இல்லாமல், இருவர் பேச்சும் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. இசக்கிராஜ் அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தவன், பழக்கதோஷத்தில் அந்த இரண்டரை வினாடி காத்திருந்தான். காத்திருக்க ஒன்றுமில்லை. அவள் பதில் முன்பே வந்துவிட்டிருந்தது. அவன் டம்ளரைத் துண்டால் பிடித்து எடுத்து, ஊதி ஊதிக் குடித்தான்.